திருப்பிப் பார்க்காத கோர்வை

காட்ஃபிரீட் திராபெக்கின் கையில் எதைக் கொடுத்தாலும் முதல் வேலையாகத் திருப்பிப் பார்ப்பார். ரொட்டி வாங்கினால் அடிப்பக்கம், சட்டை எடுத்தால் உள் தையல், கடிகாரம் என்றால் பின்மூடி. "பொண்ணு பாக்கப் போன இடத்துல அவளைத் திரும்பி நிக்கச் சொன்ன ஆளுய்யா இவன்" என்று கசாப்புக்காரர் மார்ஷலெக் வியன்னா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். திராபெக் அதை மறுத்ததில்லை. முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாக வைத்துக்கொள்ளலாம், விஷயம் எல்லாம் பின்பக்கத்தில்தான் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் திருப்பியே பார்க்காத பொருள் ஒன்று இருந்தது. அது அவருடைய புகையிலைக் கடையிலேயே, கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவருடைய அப்பா அலாய்ஸ் திராபெக்கின் பதக்கக் கோர்வை. முக்கோணமாக மடித்த நான்கு ரிப்பன்களை ஒன்றையொன்று ஒட்டி ஒரே துணியில் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பதக்கம் மாட்டியது. முதலிடத்தில் வெள்ளி வீரப் பதக்கம். அடுத்தது படைச் சிலுவை. மூன்றாவது காயப் பதக்கம். கடைசியில், பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டைக்கு முந்தியே எல்லையில் போய் நின்றதற்கு ஒரு சிலுவை. நடுவில் ஒரே ஆணியில் மாட்டியிருந்ததால் கோர்வை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தொங்கியது. முதல் பதக்கம் இருந்த பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். திராபெக் அதை நேராக்க முயன்றதே இல்லை.

எங்கள் ஊரில் புகையிலைக் கடை என்பது நினைத்தவன் திறக்கிற கடை இல்லை. சண்டையில் உடம்பைக் கொடுத்தவனுக்கு அரசு கொடுக்கும் பிழைப்பு. சிகரெட், செய்தித்தாள், டிராம் டிக்கெட், தபால்தலை எல்லாம் அங்கேதான். அலாய்ஸ் திராபெக்குக்கு அந்தக் கடை முப்பத்தெட்டாம் வருஷம் வந்தது. முன்னால் யாரோ வைத்திருந்தார்கள். எங்கள் பிரிகிட்டெனாவ் பேட்டைத் தெருக்களில் 'முன்னால் யாரோ' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தன் வீட்டுச் சங்கதியும் கிளம்புமே என்ற பயம் ஆளுக்கு ஆள் இருந்தது.

காயப் பதக்கத்தின் ரிப்பனில் நடுவே ஓடும் சிவப்புக் கோடு ஒன்றுக்கு ஒரு காயம். அலாய்ஸின் ரிப்பனில் மூன்று கோடு. "தோள்ல ஒண்ணு, விலாவுல ஒண்ணு, முட்டியில ஒண்ணு" என்பார் அவர். கோடையில் டான்யூப் ஆற்றின் பழைய கிளையில் குளிக்கப் போகும்போது சின்னப் பையன் காட்ஃபிரீட் அப்பாவின் முதுகையும் விலாவையும் பார்த்துக்கொண்டே இருப்பான். முட்டியில் ஒரு தழும்பு இருந்தது. அது குதிரை உதைத்தது என்று அத்தை ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மற்றபடி அப்பாவின் உடம்பு வேகவைத்த மாவுருண்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

பத்து வயதில் ஒரு நாள் முக்காலி போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றப் போனான். அப்பா அறைந்த அறையில் முக்காலியோடு விழுந்தான்.

"அதைத் திருப்பினே, கையை ஒடிச்சுடுவேன்" என்றார் அலாய்ஸ். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அதற்குத்தான் பையன் பயந்தான்.

அன்றிலிருந்துதான் காட்ஃபிரீட் உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். அப்பா செத்துக் கடை கைக்கு வந்த பிறகும் அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. தூசு தட்டும்போதுகூட முன் கண்ணாடியை மட்டும் துடைப்பார்.

பதக்கக் கோர்வைகளைச் சோதிப்பதில் வியன்னாவில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் சக்கரவர்த்திகள் பதக்கத்தில் தங்கள் முகத்தைப் பொறித்தார்களே தவிர, வாங்கியவன் பெயரைப் பொறிக்கவில்லை. தனிப் பதக்கம் ஊமை. யார் மார்பில் தொங்கியது, எங்கே சண்டை போட்டான் என்பதை நாலைந்து பதக்கம் சேர்ந்து நின்றால்தான் சொல்ல முடியும். அதனால் ஏமாற்றுக்காரர்கள் தனித்தனியாகப் பொறுக்கிய பதக்கங்களைச் சேர்த்துத் தைத்து, ஒரே வீரனுடையது என்று விற்பார்கள். திராபெக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தையலைப் பார்ப்பார். பழைய நூல் புற ஊதா விளக்கில் இருண்டு கிடக்கும், புது நூல் பளிச்சென்று மின்னும். துணியில் துருக்கறை பதக்கத்தின் வளையத்தோடு பொருந்துகிறதா, மடிப்புக்குள் ரிப்பனின் நிறம் வெளுக்காமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.

சனிக்கிழமை மதியம் ஹில்ட்ரூட்டின் சாப்பாட்டுக் கடையில் பின்னறை மேசை அவர்களுக்கு. திராபெக், மார்ஷலெக், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்கள் இரண்டு பேர். எல்லோரும் அதே தெருவில் வளர்ந்தவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். அந்த மேசைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கோர்வையைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். கொண்டுவந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், தீர்ப்பு வரும்வரை பிறகு வாய் திறக்கக் கூடாது. பேசவிட்டால் கதை சொல்லி மனசைக் கலைத்துவிடுவார்கள் என்பதற்காக. அசல் என்று தீர்ப்பு வந்தால், அப்புறம் அவர் எழுந்து நின்று, அணிந்தவன் கதையைச் சொல்ல வேண்டும். சோதிப்பவர் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் அப்புறம் அந்த மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை.

"ஊரான் கோர்வையெல்லாம் கவுத்துப் போட்டுப் பாக்கறியே, உங்கப்பாவோடதை எப்பய்யா கொண்டு வருவே?" என்று கூலாஷ் குழம்புத் தட்டை வழித்துக்கொண்டே மார்ஷலெக் சீண்டுவார்.

"அது விக்கறதுக்கில்ல. விக்காததுக்கு எதுக்குச் சோதனை?"

"பயந்தாங்கொள்ளி."

"ஆமாய்யா, கசாப்புக் கத்தியைக் கண்டா எனக்குப் பயம்தான்."

சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதம். டான்யூபிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் பகலிலும் தெருவை விட்டு நகராமல் கிடந்தது. வரும் புத்தாண்டில் கடையை மகள் ரோஸ்விதா பேருக்கு மாற்றுவதாக ஏற்பாடு. புருஷனை விட்டு வந்தவள், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. தாத்தாவின் காயங்களைச் சொல்லி வாங்கிய உரிமம் குடும்பத்துக்குள்ளேயே போகும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திங்கள்கிழமை திராபெக் பல் டாக்டரிடம் போய்விட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

"அப்பா, இன்னிக்கு ஒரு வயசான அம்மா வந்தாங்க" என்றாள் ரோஸ்விதா. "டிராம் டிக்கெட் கேட்டாங்க. பேச்சு நம்ம ஊர்ப் பேச்சுதான். ஆனா பழைய ரேடியோ நாடகத்துல பேசற மாதிரி இருந்துது. டிக்கெட்டை வாங்கிட்டுப் போவாங்கன்னு பாத்தா, அந்தச் சட்டத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. பின்னாடி நின்னவங்கல்லாம் முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"இதோட பின்பக்கத்தைப் பாக்க முடியுமான்னு."

திராபெக் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"நீ என்ன சொன்னே?"

"அப்பா விடமாட்டாரு, சனிக்கிழமை ஹில்ட்ரூட் கடையில இருப்பாரு, அவரையே கேட்டுக்குங்கன்னேன்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" ரோஸ்விதா முறைத்தாள். "பாவம்ப்பா அந்த அம்மா. போகும்போது சுருட்டுவெட்டியோட பிடியை ஒரு தடவை அமுக்கிப் பாத்தாங்க. சுருட்டு ஒண்ணும் வாங்கல. சும்மா அமுக்கிட்டுப் போயிட்டாங்க."

கல்லாவின் ஓரத்தில் திருகிவைத்த இரும்புச் சுருட்டுவெட்டி அது. ஓட்டைக்குள் சுருட்டின் நுனியை நுழைத்துப் பிடியை அமுக்கினால் வெட்டிவிடும், ஒரு கையே போதும். திராபெக் குடும்பம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தது. அலகில் ஒரு சின்னப் பொக்கை. அதனால் எதை வெட்டினாலும் விளிம்பில் ஒரு இழை அறுபடாமல் நீட்டிக்கொண்டிருக்கும். 'திராபெக் கடைச் சுருட்டுக்கு மீசை உண்டு' என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

அந்த வாரம் முழுக்கக் கதவு மணி அடித்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். சனிக்கிழமை மேசைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். போகாவிட்டால் அந்த அம்மா கடைக்கே வருவாள் என்று தோன்றியதும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவள் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, மடியில் சின்னக் கைப்பை, முன்னால் ஆறிப்போன தேநீர். பெயர் மெலனி என்றும் கடல் தாண்டி மான்டிவிடியோவிலிருந்து வந்திருப்பதாகவும் ஹில்ட்ரூட் சொல்லி, மேசையின் கட்டுப்பாடுகளை விளக்கினாள்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது, புரியுதாம்மா?"

"வாயை மூடிக்கிட்டு இருக்க எனக்குச் சொல்லித் தரவேணாம். ரொம்ப வருஷப் பழக்கம்" என்றாள் மெலனி.

கைக்குட்டையைப் பிரித்து ஒரே ஒரு பதக்கத்தை எடுத்தாள். வெள்ளி வீரப் பதக்கம், மடித்த ரிப்பனோடு. கவிழ்த்து வைத்தாள்.

"இது ஒரு கோர்வையிலேர்ந்து வெட்டினதா, இல்லையா? அவ்வளவுதான் ஐயா என் கேள்வி."

திராபெக் உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். ரிப்பனின் பின்னால் மண்நிறத் துணி. மெழுகு பூசிய பழைய நூல், நெருக்கமான கைத்தையல். ஊதா விளக்கைப் பிடித்தார், எதுவும் மின்னவில்லை. பிறகு துணியின் அறுந்த ஓரத்தைப் பார்த்தார். கத்திரிக்கோலின் வெட்டு இல்லை. பிறை பிறையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, வட்ட ஓட்டைக்குள் நுழைத்து நுழைத்துக் கடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு பிறையிலும் அறுபடாத ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு பிறைக்கும் மீசை.

தினமும் கையால் அமுக்கும் அலகின் கடியை அவருக்கு அடையாளம் சொல்ல யாரும் வேண்டியதில்லை. இந்தத் துணியின் மறுபாதி எங்கே தொங்குகிறது என்பதும் தெரிந்துபோயிற்று. உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

'வெட்டினது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் எதிலிருந்து என்று மார்ஷலெக் கேட்பார். அப்பாவின் மூன்று காயம் போகும். காயம் போனால் கடை எப்படி வந்தது என்ற பேச்சு வரும். ரோஸ்விதா நடுத்தெருவில் நிற்பாள். இத்தனை வருஷம் காலை வணக்கம் சொன்ன தெரு, கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"என்னய்யா மென்னு முழுங்கறே?" என்றார் மார்ஷலெக். "வெட்டினதா, இல்லையா?"

"இல்ல" என்றார் திராபெக்.

தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. ஆனால் ஆரம்பித்த பிறகு வார்த்தைகள் தானாக வந்தன.

"பதக்கம் அசல்தான், விளிம்புல முத்திரை இருக்கு. ஆனா இந்தத் துணி அப்புறமா தைச்சது. கோர்வையிலேர்ந்து வெட்டின மாதிரி காட்ட யாரோ பண்ணின வேலை. சந்தையில இந்த மாதிரி நிறைய வருதும்மா. உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

அந்த மேசையில் அவர் சொன்ன முதல் பொய் அது.

மெலனி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. மழை விடுமா என்று ஜன்னலைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"இப்ப நான் பேசலாமா?"

"தாராளமா" என்றாள் ஹில்ட்ரூட்.

"அந்தத் தையல் எங்கம்மா போட்டது. நூலுக்கு மெழுகு தேச்சுக் குடுத்தது நான். அப்பாவுக்கு ஒரு கைதான். எமில் கொர்னிட்ஸர்னு பேரு. மூணு காயம். தொடையில ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, அப்புறம் இடது கை மொத்தமா போச்சு. அதுக்குத்தான் அவருக்குப் புகையிலைக் கடை குடுத்தாங்க. முப்பத்தெட்டுல யூதங்க கடையையெல்லாம் பிடுங்கினப்ப, எங்க கடையை எடுத்துக்க வந்தவங்க, செவுத்துல மாட்டியிருக்கறதெல்லாம் கடையோட சேர்த்தின்னுட்டாங்க. அவங்க பின்னறையில பெட்டியை எண்ணிக்கிட்டிருந்த நேரத்துல அப்பா கோர்வையை எடுத்து, கல்லாவுல இருந்த சுருட்டுவெட்டிக்குள்ள விட்டு, இருக்கற கையால அமுக்கினாரு. முதல் பதக்கம் மட்டும் தனியா வந்துது. அதுக்குள்ள காலடிச் சத்தம் கேட்டுது. வந்ததை என் பூட்ஸுக்குள்ள போட்டுட்டு, மிச்சத்தைத் திருப்பி மாட்டிட்டாரு. கப்பல் ஏறினது அம்மாவும் நானும்தான். அவருக்கு அனுமதி கிடைக்கல."

"எந்தக் கடைம்மா அது?" என்று மார்ஷலெக் மெதுவாகக் கேட்டார்.

"அதை இனிமே சொல்லி என்ன ஆகப்போறது? வெட்டினதே இல்லைனு ஆயிடுச்சே." அவள் எழுந்து கோட்டின் பித்தான்களை மாட்டிக்கொண்டாள். பதக்கத்தைத் திராபெக்கின் பக்கமாக ஒரே விரலால் நகர்த்தினாள். "இதைக் கொண்டுபோய் என் பேரன்கிட்ட என்னன்னு குடுப்பேன்? நீங்களே வச்சுக்குங்க ஐயா. உங்ககிட்ட இதுக்கு இடம் இருக்கும்."

போய்விட்டாள். எங்கே தங்கியிருக்கிறாள், என்றைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மார்ஷலெக் பதக்கத்தை எடுத்துக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அறுந்த ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவரும் நாற்பது வருஷமாகத் திராபெக் கடைச் சுருட்டுதான் பிடிக்கிறார்.

"அடுத்த சனிக்கிழமை உங்கப்பாவோட கோர்வையைக் கொண்டு வா" என்று சொல்லிப் பதக்கத்தைத் திராபெக்கின் கையில் கொடுத்தார்.

"அது விக்கறதுக்..."

"விக்கறதைப் பத்தி நான் கேக்கல."

குரலில் கேலி துளிக்கூட இல்லை. டிராம் ஓட்டுநர்கள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரோஸ்விதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், திராபெக் பூட்டிய கடைக்குள் முக்காலி போட்டு ஏறினார். சட்டத்தைக் கழற்றினார். அறுபத்து சொச்சம் வயதில் அப்பாவின் அறையை எதிர்பார்த்துக் கன்னம் கூசியது. கல்லாவின் மேல் கவிழ்த்து வைத்து, பின்பலகையைப் பெயர்த்தார்.

அவர் நினைத்தபடியே இருந்தது. மண்நிறத் துணி, மெழுகு நூல். மூன்று பதக்கம் அந்தத் தையலில். முதலிடத்தில் மட்டும் துணி பிறை பிறையாகக் கடிபட்டு முடிந்து, அதன் பின் வேறு துணி ஒட்டு போடப்பட்டிருந்தது. முரட்டுத் தையல், அப்பாவின் கை. மாட்டியிருந்த பதக்கத்தைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. சண்டையின் கடைசியில் வெள்ளி தீர்ந்துபோய், மலிவு உலோகத்தில் அடித்துத் தள்ளியது. எடை இல்லை. கோர்வை இத்தனை வருஷம் சாய்ந்து தொங்கியது அதனால்தான். பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்து, அப்பா அந்தப் பொந்தை அடைத்திருக்கிறார்.

இதை இப்படியே மேசையில் வைக்க முடியாது. கொண்டுபோகாமலும் இருக்க முடியாது. கடைசியில் உள்ளே போய் ஊசிப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

சிதைந்துபோன கோர்வைகளிலிருந்து உருவி வைத்த பழைய நூல் அவரிடம் நிறைய இருந்தது. ஏமாற்றுக்காரர்கள் எதில் சறுக்குவார்கள் என்பது அவருக்கு அத்துபடி. அப்பாவின் ஒட்டைப் பிரித்து எறிந்தார். மெலனியின் துண்டைக் கொண்டுவந்து சேர்த்தபோது பிறையும் பிறையும் பல் சேர்வது போல் சேர்ந்துகொண்டன. அவள் அம்மா குத்திய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தார். வெட்டுக் கோட்டின் மேல் பழைய கறுப்புத் துணி ஒன்றைப் பரப்பி, ஓரம் மடித்து மூடினார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

இவ்வளவு அருமையான கோர்வையை அவர் வாழ்நாளில் கையில் பிடித்ததில்லை. நான்கு பதக்கமும் ஒரே மனிதனுடையது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை உணர்ந்ததும்தான் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. அப்பா பாதியில் விட்டதை மகன் முடித்து வைத்திருக்கிறான். ஒற்றைக் கையால் கொர்னிட்ஸர் காப்பாற்றிய ஒன்றையும் இப்போது பிடுங்கியாயிற்று.

மறுநாள் காலை ரோஸ்விதா கடையைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

"அட, அப்பா! நேரா தொங்குதே!" என்றாள். "என்ன பண்ணினீங்க?"

"ஆணி லூசா இருந்துது" என்றார்.

"பாக்க லட்சணமா இருக்கு. தாத்தா பாத்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

அவர் செய்தித்தாள் கட்டைப் பிரித்தார். அன்று அவர் யாருக்கும் சுருட்டு வெட்டித் தரவில்லை. அலகு மழுங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை பின்னறையில் கணப்பு எரிந்தும் குளிர் அடங்கவில்லை. ஹில்ட்ரூட் கேட்காமலேயே மதுவை ஊற்றி வைத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றாள். திராபெக் கோர்வையைக் கவிழ்த்து வைத்தார்.

"கேள்வி?" என்றார் மார்ஷலெக்.

"ஒரே கோர்வையா, கூட்டிக் கட்டினதா?"

மார்ஷலெக் ஊதா விளக்கைப் பிடித்தார். எதுவும் மின்னவில்லை. உருப்பெருக்கியால் நூலைப் பார்த்தார், துருக்கறையைப் பார்த்தார். பிறகு அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கறுப்புத் துணியின் மேல் கட்டை விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். தோலுக்கு அடியில் எலும்பு எங்கே மூட்டு சேர்கிறது என்று தடவியே கண்டுபிடித்துப் பழகிய விரல். முதல் பதக்கத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வந்ததும் நின்றது. கொஞ்சம் மேலே போயிற்று. கீழே வந்தது. ஒவ்வொரு பிறையாக இறங்கியது.

கண்ணைத் திறந்து திராபெக்கைப் பார்த்தார். திராபெக்குக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரே கோர்வை" என்றார் மார்ஷலெக். "நாலும் ஒரே ஆளு போட்டதுதான். அசல்."

டிராம் ஓட்டுநர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஒருவர் கைதட்டக்கூடப் போனார். மார்ஷலெக் கோர்வையை நிமிர்த்தி, மேசையின் நடுவில் வைத்தார்.

"எழுந்து நில்லு திராபெக். கதையைச் சொல்லணுமில்ல? மூணு கோடு இருக்கு. மூணு காயமும் எங்கெங்க பட்டுதுன்னு சொல்லு."

திராபெக் எழுந்தார். தோள், விலா, முட்டி. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டதுதான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வாயைத் திறந்தார். எதிரில் அந்த நான்கு பதக்கமும் நேராகக் கிடந்தன. பொய்யான கோர்வைக்குப் பொய்க் கதை சொல்ல அப்பாவால் முடிந்தது. அசலான கோர்வைக்கு முன்னால் நின்றுகொண்டு பொய்க் காயம் சொல்ல இவர் நாக்கு எழும்பவில்லை.

"தொடையில ஒண்ணு" என்றார்.

மார்ஷலெக் அசையவில்லை.

"கழுத்துல ஒண்ணு."

வாசலில் நின்ற ஹில்ட்ரூட் கையிலிருந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். போன வாரம் இதே மேசையில் இதே வரிசையில் எல்லோரும் கேட்டதுதான்.

"மூணாவது?" என்றார் மார்ஷலெக்.

திராபெக் ரோஸ்விதாவை நினைத்தார். மேசையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இடது கை" என்றார். "மொத்தமா போச்சு."

அந்த மேசையில் இருந்த அத்தனை பேரும் வாலிபத்தில் அலாய்ஸ் திராபெக்கிடம் சிகரெட் வாங்கியவர்கள். அவர் ஒரு கையால் பெட்டியை நீட்டி, மறு கையால் சில்லறையை எண்ணிக் கொடுப்பார்.